இரவு விளக்கைத் திருத்திய முறை

விளக்கைப் பற்றித் தமிழ் மாணவர் எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பாகலாம். ‘சொல்லதிகாரம் படிப்பார்க்குச் சால்டரிங் எதற்கு?’ எனப் பௌதிக வகுப்பு நண்பர் ஒருவர் எம்மை நகைத்ததும் உண்டு. ஆயினும், சென்ற கோடை விடுமுறையில் எம் இல்லத்தில் நேர்ந்த ஓர் இடர்ப்பாடு எம்மை இத்துறையுள் இழுத்துவிட்டது; இழுக்கப்பட்டபின் கற்றவற்றை மறைத்து வைத்தல் முறையன்று. ஆகலின், வைஃபையால் இயங்கும் எல்.இ.டி. விளக்கு நாடாவின் கண்ட்ரோலரைப் பிரித்து, அதன் உள்ளீட்டை மாற்றி, வீட்டார் தேவைக்கு இசைய அமைத்துக்கொண்ட வரலாற்றை, எம் பிழைகளையும் உடன்சேர்த்து, ஈண்டு எழுதுகின்றோம்.

எம் பாட்டியார்க்கு அகவை 78. சில ஆண்டுகட்குமுன் அவர்க்கு இரு கண்ணிலும் புரை நீக்கப்பட்டது. அவர் துயிலும் அறைக்கும் பின்கட்டுக் குளியலறைக்கும் இடையே பதினாறடி நீளமுள்ள நடையொன்று உளது. அதன் நடுவே ஒரு படி இறங்க வேண்டும். எந்தையார் கடையில் ‘ஸ்ட்ரிப் லைட்’ என விற்கும் 5 மீட்டர் நாடாவொன்றை வாங்கி, நடைச் சுவரின் அடியோரமாக ஒட்டி, மொபைலில் உள்ள ஆப் வாயிலாக மாலை ஆறரைக்கு எரியவும் காலை ஆறுக்கு அணையவும் குறித்து வைத்தார். ஈராண்டுக் காலம் குறை ஒன்றும் இல்லை. பின்னர் ஒருநாள் மாலை பெருமழையில் தெருவின் இன்டர்நெட் கேபிள் அறுந்தது. மின்சாரமோ நின்றிலது, மின்விசிறி சுழன்றது, நாடா மட்டும் எரிந்திலது. என்னையெனின், எரிய வேண்டிய நேரம் அப்பெட்டியினுள் எழுதப்பட்டிருந்ததன்று. அயல்நாட்டிலுள்ள ஏதோ ஒரு சர்வரில் எழுதப்பட்டிருந்தது. அங்கிருந்து ஏவல் வந்தாலன்றிப் பெட்டி தானாக ஒன்றும் செய்யாது. விளக்கு இருக்கும் என நம்பி எழுந்து நடந்த பாட்டியார் படியில் கால் தவறி வீழ்ந்தார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டுப் பிசகியது.

மறுநாட் காலையில் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ‘வெளக்கு எரியக் கரண்டு இருந்தாப் போதாதாலே?’ என அவர் எம்மைக் கேட்டார். யாம் விடையின்றி நின்றோம். இவ்விடுமுறைப் பணி முழுதும் அவ்வினாவிலிருந்து பிறந்ததே.

எம் வீட்டிற்கு மட்டும் வந்த இடர் இதுவன்று. அமெரிக்காவில் ரிவால்வ் என்னும் வீட்டுக் கருவியின் சர்வர் 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டபோது, விலை கொடுத்து வாங்கியோர் கையில் வெறும் பெட்டியே எஞ்சியது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பின்றி அடங்கின. பின்னர் அதனைப் பயன்படுத்துவோருள் சிலரே ஒன்றுகூடி அதனை விலைக்கு வாங்கி மீட்டனர். பொருள் நம் சுவரில். அதன் உயிர் பிறர் கையில். கிளியின் உடலில் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் கதையைப் பாட்டியர் வாயிலாகக் கேட்டிருப்போர்க்கு இது விளங்காததன்று.

நிற்க. முதற்கண் நாடாவின் அமைப்பை அறிதல் வேண்டும். எம் நாடா 12 வோல்ட் வகையைச் சார்ந்தது. மீட்டருக்கு 60 விளக்குமணிகள் உடையது. ஒவ்வொரு மணியினுள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்விளக்குகள் உள. மும்மணிகள் ஒரு தடையுடன் தொடராக இணைந்து ஐந்து சென்டிமீட்டர் துண்டாகும். கத்தரிக்கோற் குறி இட்ட இடங்களில் மட்டுமே வெட்டலாம் என்பதன் காரணம் இதுவே. ஒரு துண்டில் ஒவ்வொரு நிறமும் ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் கொள்ளும். மூன்று நிறத்திற்கும் 60. ஐந்து மீட்டரில் 100 துண்டுகள் ஆகலின், முழு வெண்மையில் 6 ஆம்பியர். அஃதாவது 72 வாட். எமக்கு நாடாவுடன் வந்த அடாப்டரோ 12 வோல்ட், 5 ஆம்பியர். 60 வாட்டே தரவல்லது. அது ஈராண்டாகத் தொடமுடியாத சூட்டில் இருந்தமைக்குக் காரணம், இக்கணக்கைப் போட்டபின்னரே எமக்கு விளங்கிற்று. கருவிகளை வாங்குவோர் பெருக்கல் வாய்பாட்டைக் கடையிலேயே ஒருமுறை சொல்லிப் பார்த்தல் நன்று.

மூன்று நிறங்களுள் நீலமே நெடுங்காலம் அறிஞரை அலைக்கழித்தது. கண்ணிற்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யை நிக் ஹோலோன்யாக் 1962-இல் ஆக்கினார். ஒளிமிக்க நீலம் கிடைத்ததோ 1990-களின் தொடக்கத்தில். அதற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவர்க்கும் 2014-இல் பௌதிக நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீலம் கிடைத்திலதேல் வெண்மையும் கிடைத்திராது, இந்நாடாவும் இராது.

நாடாவிற்கும் அடாப்டருக்கும் இடையே நிற்கும் சிறு வெண்பெட்டியே கண்ட்ரோலர். அதனுள் இரண்டு பகுதிகள் முதன்மையானவை. ஒன்று, மாஸ்பெட் என்னும் மின்கதவுகள். நாடாவின் 12 வோல்ட் கம்பி மூன்று நிறத்திற்கும் பொதுவாய் நேரே செல்லும். ஒவ்வொரு நிறத்தின் திரும்பு கம்பியே ஒரு மாஸ்பெட் வழியாகத் தரைக்கு வரும். அக்கதவு நொடிக்குப் பன்னூறு முறை திறந்து மூடும். திறந்திருக்கும் பொழுது மிகுந்தால் ஒளி மிகும், குறைந்தால் மங்கும். மின்னழுத்தம் மாறுவதில்லை, கதவு திறந்திருக்கும் கால அளவே மாறும். மற்றொன்று, அக்கதவுகளை ஏவும் மாட்யூல். வைஃபையும் சிறு கணினியும் ஒருங்கே அமைந்த சில்லு அதன்மேல் இருக்கும். ஷாங்காய் நகரத்து எஸ்பிரெஸிஃப் நிறுவனத்தின் ஈ.எஸ்.பி. 8266 என்னும் சில்லு 2014 முதல் மலிவாய்ப் பரவிற்று; எம் பழைய பெட்டியினுள்ளும் அதுவே இருந்தது. கதவுகள் எவரேவினும் திறக்கும். ஆகவே மாற்ற வேண்டியது ஏவுவோனின் மனத்தையே. மனமாவது அதனுள் எழுதப்பட்ட நிரல்.

அம்மாற்று நிரல் எமக்கு விலையின்றிக் கிடைத்தது. கிறிஸ்டியன் ஷ்வின்னே என்பவர் தொடங்க, பலநாட்டாரும் சேர்ந்து வளர்த்துவரும் டபிள்யூ.எல்.இ.டி. என்னும் நிரல் அது. அதன் மூலவரிகள் யாவரும் படிக்குமாறு வெளியிடப்பட்டுள்ளன. சர்வர் எதனையும் அது வேண்டுவதில்லை. விளக்கின் பக்கத்தைப் பெட்டியே மொபைலுக்கு வழங்கும்.

இனி எம் முதற்பிழையைக் கூறுவோம். ஈ.எஸ்.பி. 8266-க்கு நிரலெழுத ஐந்து தொடர்புகள் வேண்டும்: 3.3 வோல்ட், தரை, அனுப்பும் கம்பி, பெறும் கம்பி, பூச்சியம் எனப்படும் கால். கணினியின் அனுப்புகம்பி சில்லின் பெறுகம்பியிலும், பெறுகம்பி அனுப்புகம்பியிலும் குறுக்காகச் சேர வேண்டும். பூச்சியக் காலைத் தரையோடு தொடுத்தபின் மின்சாரம் கொடுத்தாற்றான் சில்லு, ‘எழுதுவோர் வந்துளர்’ என உணர்ந்து காத்திருக்கும். மின்சாரம் கொடுத்தபின் தொடுத்தால் பயனில்லை. இவையெல்லாம் செவ்வனே செய்தோம். எனினும் எழுதத் தொடங்கிய சில நொடிகளில் தொடர்பு அறுந்துகொண்டே இருந்தது. நான்குமுறை முயன்றும் பயனின்மையால், மின்வலி போதவில்லை எனக் கருதி, யு.எஸ்.பி. இணைப்பியின் ஜம்பரை 3.3-இலிருந்து 5 வோல்ட்டிற்கு மாற்றினோம். சில்லு தாங்கும் எல்லை 3.6 வோல்ட். விரல் வைக்கமுடியாதபடி அது சுட்டது; சிறிது நேரத்தில் அடங்கியது. பாட்டியாரின் விளக்கை மீட்கப் புகுந்தோர் அதனை முற்றும் அணைத்தோம். அன்றிரவு நடையில் ஒரு மெழுகுவர்த்தியே நின்றது. எந்தையார் ஒன்றும் கூறாமையே எமக்குப் பெருந்தண்டமாயிற்று.

விடுமுறை முடிந்து கல்லூரிக்கு வந்தபின், பௌதிக ஆய்வுக்கூடத்து உதவியாளர் ஒருவரிடம் இதனைச் சொன்னோம். அவர் நகைக்காமல் எம் இணைப்பியை வாங்கி நோக்கினார். அதிலுள்ள எஃப்.டி. 232 என்னும் சில்லு 3.3 வோல்ட் முனையில் 50 மில்லி ஆம்பியரே தரவல்லது. வைஃபை விழிக்கும் கணத்தில் ஈ.எஸ்.பி. 8266 கேட்பதோ அதனினும் பன்மடங்கு. ‘தம்பி, குறைந்தது வோல்ட் அன்று, ஆம்பியர்’ என்றார் அவர். அழுத்தமும் ஓட்டமும் வேறென்பதை யாம் பள்ளியிலேயே எழுதித் தேறியிருந்தோம். எழுதியது ஒன்று, கையில் பட்டது ஒன்று. அவர் காட்டிய வழி எளிது: 3.3 வோல்ட் ரெகுலேட்டர் ஒன்றைத் தனியே வைத்து அதனின்று சில்லுக்கு மின்சாரம் கொடுத்து, தரைக்கம்பிகளை மட்டும் இணைப்பியோடு பொதுவாக்குதல்.

பின்னர் அதே தோற்றமுடைய பெட்டியொன்றை வாங்கினோம். மூடியும் அச்செழுத்தும் முன்னதைப் போலவே இருந்தன. திறந்து நோக்கியபோது உள்ளே இருந்தது வேறு சில்லு. எம் நிரல் அதில் ஏறாது. இத்தகைய பெட்டிகளைச் செய்வோர் உறையை மாற்றாமல் உள்ளீட்டை மாற்றுதல் இந்நாளில் பெருவழக்கு. பெயரை நம்பி வாங்காமல், திறந்து பார்த்த ஒருவர் சொல்லக் கேட்டு வாங்குதலே தக்கது. எமக்கு ஒரு நற்பேறு யாதெனின், அப்புதிய மாட்யூலின் வடிவமும் கால்களின் வரிசையும் ஈ.எஸ்.பி. 12 எஃப் என்னும் மாட்யூலை ஒத்திருந்தன. ஆகவே நிரலை மாற்ற முடியாவிடின் சில்லையே மாற்றுவது எனத் துணிந்தோம்.

புதிய ஈ.எஸ்.பி. 12 எஃப் மாட்யூலில், பலகையில் பொருத்துமுன்பே நிரலை எழுதிக்கொண்டோம். தனித்திருக்கும்போது கம்பி பிடித்தல் எளிது. பழைய மாட்யூலை வெங்காற்றுக் கருவியால் ஈயம் இளக்கி எடுத்தோம். பொறுமையின்றி நெம்பினால் பலகையின் செப்புத் தகடுகள் உடன்பெயர்ந்து வந்துவிடும். எம் நண்பர் ஒருவர் பயிற்சிக்காக வைத்திருந்த பழுதுற்ற பலகையில் அவ்வாறே இரண்டைப் பெயர்த்தெடுத்துப் பாடம் கற்றபின்னரே இதனைத் தொட்டோம். ஈ.எஸ்.பி. 12 எஃப் தானே விழிக்க வேண்டுமாயின், ‘எனேபிள்’ காலை ஒரு 10 கிலோ ஓம் தடை வழியாக 3.3 வோல்ட்டோடும், பதினைந்தாம் காலை மற்றொரு 10 கிலோ ஓம் தடை வழியாகத் தரையோடும் பிணைக்க வேண்டும். பழைய சில்லுக்குப் பதினைந்தாம் காலின் தடை வேண்டப்படாமையின் பலகையில் அஃது இல்லை. அதனை மறந்து அரைநாள் கெட்டது.

எந்தக் கால் எந்நிறத்தை ஏவுகின்றது என்பதை ஊகித்தறியலாகாது. மல்டிமீட்டரை ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை மாஸ்பெட்டின் கதவுக்கால் அருகிலுள்ள தடையிலும் மறுமுனையை மாட்யூலின் கால்களில் ஒவ்வொன்றாகவும் தொட்டுப் பார்த்தோம். எம் பலகையில் சிவப்பு 4, பச்சை 12, நீலம் 14 என வந்தன. பிறர் பலகையில் வேறாகலாம். 6 முதல் 11 வரையுள்ள எண்கள் சில்லின் நினைவகத்திற்கு உரியன. அவற்றை விளக்குக்கென்று குறித்தால் நிரல் நின்றுபோம். இவ்வெண்களை நிரலின் அமைப்புப் பக்கத்தில் எழுதியவுடன் மேசைமேற் கிடந்த ஒரு முழத் துண்டு நாடா செந்நிறமாய் எரிந்தது. அப்போது விடுதியில் இரவு பதினொரு மணி. வார்டன் வருகைக்கு அஞ்சி உடனே அணைத்தோம்.

இங்கு ஓர் எச்சரிக்கை. யாம் தொட்டதெல்லாம் 12 வோல்ட்டிற்குக் கீழ்ப்பட்டவை. நிரல் எழுதும்போது அடாப்டரை இணைத்ததே இல்லை. வீட்டுச் சுவிட்சுகளினுள்ளும் பல்புகளினுள்ளும் இத்தகைய சில்லுகள் உள. அவற்றின் தரைக்கம்பி 230 வோல்ட்டோடு நேரே கலந்திருக்கலாம். அவற்றைத் திறந்து மின்சாரத்தோடு கணினியில் பூட்டுவோர் உயிரைப் பணயம் வைப்போர். இக்கட்டுரை அவற்றிற்கு வழிகாட்டியன்று.

இனி, பாட்டியாரின் வினாவிற்கு வருவோம். இன்டர்நெட் வேண்டாத நிரலை அமைத்தாயிற்று. ஆயினும் ஒரு சிக்கல் எஞ்சியது. இப்பெட்டியினுள் பாட்டரியால் ஓடும் கடிகாரம் இல்லை. மணியை அது இன்டர்நெட்டிலிருந்தே கேட்டறியும். மின்தடை நீங்கியபின் இன்டர்நெட் இலதாயின் அதற்கு இரவு பகல் தெரியாது. மாலை ஆறரை என யாம் குறித்திருப்பினும் ஆறரை என்பது வாராது. சர்வரை நீக்கிவிட்டோம் என மகிழ்ந்திருந்த யாம், அதனையே வேறு வாயில் வழியாக உள்ளே விட்டிருந்தோம். இதனைக் கண்டறிந்த நாள் எமக்கு மிக்க சோர்வைத் தந்தது. கடிகாரச் சில்லொன்றைச் சேர்க்கலாமே எனின், சேர்க்கலாம். அதன் பாட்டரியும் ஒருநாள் தீரும், தீர்ந்தது ஒருவர்க்கும் தெரியாது.

ஆகவே நேரத்தையே விட்டுவிட்டோம். மின்சாரம் வந்தவுடன் நாடா மங்கலான ஒரு நிலையில் எரிய வேண்டும். எவரேனும் நடையில் வந்தால் ஒளி உயர வேண்டும். அவர் சென்றபின் மீண்டும் மங்க வேண்டும். பகலிலும் மங்கலாய் எரியுமே எனின், எரியட்டும்; அவ்வளவு சிறு ஒளிக்கு ஆகும் செலவு மருத்துவர்க்குக் கொடுத்ததனிற் சிறிது. இதற்கென எச்.சி.எஸ்.ஆர். 501 என்னும் அசைவறி கருவியை வாங்கினோம். உடலின் வெம்மை அசைவதை உணரும் அக்கருவி, நாடாவின் 12 வோல்ட்டிலேயே ஓடும். அதன் விடையோ 3.3 வோல்ட்டாக வரும். ஆதலின் இடையே வேறெதுவும் வேண்டாமல், பயனின்றிக் கிடந்த வெண்ணிறக் கதவிற்குரிய 13-ஆம் காலில் அதனைச் சேர்த்தோம். அக்கதவில் நாடா எதுவும் இணைக்கப்படாமையின் கேடில்லை. நிரலில் அக்காலை அசைவறி பொத்தான் எனக் குறித்து, அசைவு தோன்றின் இரண்டாம் நிலை, நீங்கின் முதல்நிலை என அமைத்தோம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். புரைபடிந்த கண்மணி மஞ்சள் கண்ணாடி போன்றது, நீலத்தை வடித்துவிடும். புரையை நீக்கித் தெளிந்த வில்லை வைத்தபின் நீலம் தடையின்றிப் புகும். ‘வெள்ளை வெளக்கு கண்ணுக்குள்ள குத்துது’ எனப் பாட்டியார் முன்பு கூறியதை யாம் முதுமையின் குறையெனக் கருதியிருந்தோம், அது பொய்யன்று. அன்றியும், இரவில் நீலவொளி உடலுக்குப் பகல் என்னும் செய்தியைச் சொல்லித் துயிலைக் கலைக்கும். இருளுக்குப் பழகிய கண்ணைச் செவ்வொளி அவ்வளவாகக் கெடுப்பதில்லை. ஆகலின் நீலத்தை முழுதும் அடைத்து, 255 என்னும் முழு அளவில் சிவப்பு 255, பச்சை 96 என வைத்தோம். ஒளியளவு முதல்நிலையில் 20. இரண்டாம் நிலையில் 110. இவ்வெண்கள் நூலில் கண்டவையல்ல. பாட்டியாரை நடையில் நிறுத்தி, படியின் விளிம்பு தெரிகின்றதா எனக் கேட்டுக் கேட்டு மாற்றியவை. இவ்வமைப்பில் அடாப்டரும் இளஞ்சூட்டோடு நிற்கின்றது.

நாடாவின் கடைசி முழம் மட்டும் மங்கலாயிருந்தது. நெடுந்தொலைவு மெல்லிய செம்பில் ஓடும் மின்சாரம் வழியிலேயே வலியிழத்தலே காரணம். 12 வோல்ட் கம்பியை மட்டும் கடைசிவரை கொண்டுசென்றால் போதும் என முதலில் எண்ணினோம், பாதியே சரியாயிற்று. திரும்பும் வழியிலும் இழப்பு உண்டன்றோ? நான்கு கம்பிகளையும் மறுமுனைக்கு இழுத்துச் சேர்த்தபின் ஒளி ஒருசீராயிற்று.

வீட்டு வைஃபை இல்லாதபோது பெட்டி தானே ஒரு வைஃபையைத் தோற்றுவிக்கும்; மொபைலை அதனோடு சேர்த்து உலாவியில் 4.3.2.1 எனத் தட்டினால் விளக்கின் பக்கம் திறக்கும். அதன் கடவுச்சொல் உலகறிந்தது. மாற்றாது விடுவோர் வீட்டு விளக்கை அண்டைவீட்டுச் சிறுவர் ஆட்டிவைப்பர்.

குறைகள் இல்லையெனச் சொல்லோம். பூனை நடந்தாலும் ஒளி உயர்கின்றது. மின்சாரம் மீண்ட முதல் நிமிடத்தில் அசைவறி கருவி தடுமாறும். வைகாசி வெப்பத்தில் சுவரின் சூடும் உடலின் சூடும் நெருங்கிவிடுவதால், அது ஆளை உணராமலிருப்பதும் உண்டு. அக்காரணம் பற்றியே முதல்நிலையை ஒருபோதும் அணையாததாக வைத்தோம். எடுத்த பழைய மாட்யூலைத் தீப்பெட்டியில் இட்டு, நாடாவின் வரைபடத்தோடு அலமாரியில் வைத்துள்ளோம். யாம் இல்லாதபோது எவரேனும் பழுதுபார்க்க நேரின் உதவும்.

புரட்டாசியில் ஓரிரவு ஊர் முழுதும் மின்தடை ஏற்பட்டு, விடியற்காலை மூன்று மணிக்கு மீண்டதாம். இன்டர்நெட்டோ மறுநாள் மாலைதான் வந்ததாம். நாடா என்ன செய்தது எனப் பாட்டியாரைத் தொலைபேசியில் கேட்டோம். ‘எரிஞ்சுது’ என்றார். பின்னர், ‘அந்தக் காலத்து அரிக்கேன் வெளக்கு மாதிரியே இருக்குலே, கலர மாத்திராத’ என்றார்.